ஒரே ஊருக்கு இரண்டு படைகள்: 1912-13 பால்கன் போர்களின் பின்னணி

1912 நவம்பர் 8-ம் தேதி இரவு, சலோனிகா நகரை (இன்றைய கிரீஸின் தெசலோனிகி) காத்து நின்ற உதுமானிய, அதாவது துருக்கிப் பேரரசின் தளபதி ஹசன் தாசின் பாஷா, சுமார் 26,000 வீரர்களோடு கிரேக்கப் படையிடம் சரணடையக் கையெழுத்துப் போட்டார். கிரேக்கர்கள் அப்போது பின்பற்றிய பழைய காலண்டர் நம்முடையதைவிட 13 நாள் பின்தங்கியது. அதன்படி அன்று அக்டோபர் 26, அந்த ஊரின் காவல் புனிதரான தெமெத்ரியோஸின் திருநாள். மறுநாள் கிரேக்கப் படை ஊருக்குள் நுழைந்தது. ஏறக்குறைய அதே நேரத்தில் வடக்கிலிருந்து இன்னொரு படையும் ஓட்டமும் நடையுமாக வந்து சேர்ந்தது. பல்கேரியப் படை.

பல்கேரியா கிரீஸின் கூட்டாளி. இருவரும் சண்டை போட்டது ஒரே எதிரியோடு. ஆனாலும் ஊரை முதலில் பிடிப்பது யார் என்பதில் இருவருக்கும் போட்டி. கிரேக்க இளவரசர் கான்ஸ்டன்டைன் வடக்கே மொனாஸ்டிர் நோக்கிப் போக நினைத்தார். பிரதமர் வெனிசெலோஸ்தான் விடாப்பிடியாக அவரைச் சலோனிகா பக்கம் திருப்பினார். ஒரு நாள் தாமதித்திருந்தால் ஊர் பல்கேரியர் கைக்குப் போயிருக்கும். தங்களிடமும் சரணடையும்படி பல்கேரியத் தளபதி கேட்டபோது, "என்னிடம் இருந்தது ஒரே ஒரு சலோனிகா, அதைக் கொடுத்துவிட்டேன்" என்று பாஷா சொன்னதாக ஒரு பேச்சு உண்டு.

தென்கிழக்கு ஐரோப்பாவில் நடந்த இந்தப் பால்கன் போர்களைப் பற்றிப் பேசும்போது, சரிந்துகொண்டிருந்த ஒரு பேரரசை அதன் பழைய குடிமக்கள் சேர்ந்து விரட்டிய கதை என்றே வழக்கமாகச் சொல்வார்கள். அது பாதிக் கதை. மீதிப் பாதி, விரட்டியவர்களுக்குள் நடந்த கதை. பேரரசு விட்டுச்சென்ற நிலத்தில் வாழ்ந்த மனிதர்கள் யாருடையவர்கள் என்று முடிவுசெய்யப் பல ஆண்டுகளாக நடந்த இழுபறி அது. போர் அந்த இழுபறியின் கடைசிக் கட்டம்தான். அதன் தொடக்கத்தைத் தேவாலயத்திலும் பள்ளிக்கூடத்திலும் மக்கள் கணக்குப் பதிவேட்டிலும் தேட வேண்டும்.

நான்கு மாதம் வாழ்ந்த வரைபடம்

இன்றைய கிரீஸின் வடபகுதி, வடமாசிடோனியா, அல்பேனியா, கொசோவோ, பல்கேரியாவின் தென்பகுதி எல்லாம் பல நூற்றாண்டுகள் உதுமானிய ஆட்சியில் இருந்தவை. துருக்கியர்கள் இந்த நிலப்பரப்பை ருமேலி என்று அழைத்தார்கள். அவர்களுக்கு இது ஏதோ தொலைதூரக் காலனி கிடையாது. இஸ்தான்புல் அவர்கள் கைக்கு வருவதற்கு முன்பே எடிர்னே அவர்களுடைய தலைநகரம். சலோனிகாவும் மொனாஸ்டிரும் அவர்களுடைய அதிகாரிகளும் அறிவாளிகளும் பிறந்து வளர்ந்த ஊர்கள். பின்னாளில் துருக்கிக் குடியரசை நிறுவிய முஸ்தபா கெமால் பிறந்தது சலோனிகாவில்.

19-ம் நூற்றாண்டில் இந்த நிலத்தின் ஓரங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. 1830-ல் கிரீஸ் தனி நாடானது. 1877-78 போரில் ரஷ்யா உதுமானியரைத் தோற்கடித்து இஸ்தான்புல்லின் வாசல்வரை வந்துவிட்டது. நகருக்கு வெளியே சான் ஸ்டெஃபானோ என்ற கடலோரக் கிராமத்தில் 1878 மார்ச் 3-ம் தேதி ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. கருங்கடலிலிருந்து ஏஜியன் கடல்வரை, சலோனிகாவுக்கு வடக்கே விரிந்த மாசிடோனியாவின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிய ஒரு பெரிய பல்கேரியாவை அது வரைந்து காட்டியது.

இந்தப் புதிய பல்கேரியா ரஷ்யாவின் கைப்பாவையாகிவிடும் என்று பிரிட்டனும் ஆஸ்திரியாவும் பயந்தன. அதே ஆண்டு ஜூன், ஜூலையில் பெர்லினில் கூடி அந்த வரைபடத்தைத் துண்டுபோட்டார்கள். செர்பியா, மாண்டினீக்ரோ, ருமேனியா மூன்றுக்கும் முழுச் சுதந்திரம் கிடைத்தது. பல்கேரியாவுக்குக் கிடைத்தது பாதி நிலமும் பாதிச் சுதந்திரமும். அது தன்னை முழுச் சுதந்திர நாடாக அறிவித்துக்கொள்ள 1908 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மாசிடோனியாவைச் சுல்தானிடமே திருப்பிக் கொடுத்தார்கள்.

நான்கு மாதம் சொச்சமே நீடித்த அந்த வரைபடத்தைப் பல்கேரியர்கள் மறக்கவே இல்லை. இன்றைக்கும் அவர்களுடைய தேசிய தினம் மார்ச் 3. கையில் கிடைத்துப் பறிபோன ஒன்றின் மேல் வரும் ஏக்கம், கிடைக்காமலே போனதன் மேல் வருவதைவிடக் கனமானது. அடுத்த 35 ஆண்டுகளுக்குப் பல்கேரியாவின் ஒவ்வோர் அரசும் அந்த ஏக்கத்தைச் சுமந்துகொண்டே முடிவெடுத்தது.

யார் யாருடைய ஆள்?

மாசிடோனியாவில் யார் இருந்தார்கள்? ஸ்லாவிய மொழி பேசிய விவசாயிகள், கிரேக்க மொழி பேசியவர்கள், துருக்கியர், அல்பேனியர், ருமேனிய மொழிக்கு நெருங்கிய மொழி பேசிய விலாக்கியர், யூதர், ரோமா மக்கள். சந்தையில் ஒருவரே மூன்று மொழி பேசுவது சாதாரணம். உதுமானிய அரசு மக்களை மொழியை வைத்துப் பிரிக்கவில்லை, மதத்தை வைத்துப் பிரித்தது. இந்தப் பிரிவுக்கு மில்லெத் என்று பெயர். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் எல்லாரும், என்ன மொழி பேசினாலும், இஸ்தான்புல்லில் இருந்த கிரேக்கப் பேராயரின் கீழ் ஒரே மில்லெத்.

1870-ல் சுல்தான் ஓர் ஆணை பிறப்பித்தார். பல்கேரியர்களுக்குத் தனித் திருச்சபை. அந்த ஆணையின் 10-வது பிரிவில் ஒரு விஷயம் இருந்தது: குறிப்பிட்ட பகுதிகளுக்கு வெளியே, ஓர் ஊரில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் விரும்பினால் அவர்களும் புதிய சபைக்கு மாறலாம். படிக்கும்போது நியாயமான ஏற்பாடாகத்தான் தெரியும். ஆனால் நடந்தது வேறு. ஊர் ஊராகப் பிரச்சாரம் தொடங்கியது. எந்தச் சபை பூசாரியை நியமிக்கிறதோ அந்தச் சபையின் மொழியில் பள்ளிக்கூடம். எந்த மொழியில் பள்ளிக்கூடமோ, பிள்ளைகள் அந்த நாட்டுக்காரர்கள் என்று கணக்கு. கிரீஸ் பணம் அனுப்பியது, பல்கேரியா பணம் அனுப்பியது, கொஞ்சம் பிந்தி செர்பியாவும் வந்து சேர்ந்தது. அண்ணன் கிரேக்கப் பள்ளியில் படித்துக் கிரேக்கனாகவும், தம்பி பல்கேரியப் பள்ளியில் படித்துப் பல்கேரியனாகவும் ஆன குடும்பங்களை அந்தக் காலத்துப் பயணிகள் பார்த்திருக்கிறார்கள்.

இதன் விளைவை எண்களிலேயே பார்க்கலாம். 1900-ல் வந்த ஒரு பல்கேரியப் புள்ளிவிவரப்படி மாசிடோனியாவில் பல்கேரியர் சுமார் 11,81,000 பேர், செர்பியர் 700 பேர். அதற்குப் பத்துப் பதினோரு ஆண்டுகளுக்கு முன் வந்த ஒரு செர்பியப் புள்ளிவிவரப்படி அதே மாசிடோனியாவில் செர்பியர் 20 லட்சத்துக்கு மேல், பல்கேரியர் 57,600 பேர். 1904-ல் வந்த கிரேக்கக் கணக்கிலோ கிரேக்கர்தான் மிகப் பெரிய சமூகம், சுமார் 6,53,000 பேர். மூன்றும் ஏறக்குறைய ஒரே நிலத்தைப் பற்றியவை. 700 பேர் எங்கே, 20 லட்சம் பேர் எங்கே! எண்ணப்பட்டவர்கள் அதே விவசாயிகள்தான், எண்ணியவர்களின் கண்தான் வேறு.

1890-களிலிருந்து ஆசிரியர்களுக்குப் பின்னால் துப்பாக்கி வந்தது. 1893-ல் சலோனிகாவில் தொடங்கிய மாசிடோனியப் புரட்சி இயக்கம் 1903 ஆகஸ்டில் இலிண்டென் கிளர்ச்சியை நடத்தியது. உதுமானியப் படை அதை அடக்கி, ஊர்களைக் கொளுத்தியது. பிறகு கிரேக்க ஆயுதக் குழுக்களும் செர்பியக் குழுக்களும் மலைகளுக்குள் வந்தன. இரவில் கதவைத் தட்டி, "எந்தச் சபை?" என்று கேட்பார்கள். தவறான பதில் சொன்னால் உயிர் போகும். எது சரியான பதில் என்பது கதவைத் தட்டியவரைப் பொறுத்தது.

பலவீனத்தால் வந்த போரா?

உதுமானியப் பேரரசை "ஐரோப்பாவின் நோயாளி" என்று சொல்லிச் சொல்லியே, நோயாளி சாகும் நேரம் பார்த்து அண்டை வீட்டார் புகுந்தார்கள் என்ற எண்ணம் நம்மிடம் பதிந்துவிட்டது. எனக்கு இதில் முழு உடன்பாடு இல்லை. 1908 ஜூலையில் மாசிடோனியாவில் இருந்த இளம் ராணுவ அதிகாரிகள் கிளர்ந்தெழுந்து, சுல்தான் அப்துல் ஹமீதை அரசியல் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவர வைத்தார்கள். இளம் துருக்கியர் புரட்சி என்று சொல்வது இதைத்தான். சலோனிகாவின் தெருக்களில் முஸ்லிம் மதகுருவும் கிறிஸ்தவப் பாதிரியாரும் யூத ரப்பியும் கட்டித் தழுவிக்கொண்டார்கள். மலையில் இருந்த கிளர்ச்சிக்காரர்கள் துப்பாக்கியைத் தோளில் தொங்கவிட்டபடி ஊருக்குள் இறங்கி வந்தார்கள். எல்லா மதத்தவருக்கும் நாடாளுமன்றத்தில் இடம், எல்லாருக்கும் ஒரே குடியுரிமை என்ற பேச்சு.

இது பக்கத்து நாடுகளுக்கு நல்ல செய்தியாகப் படவில்லை. மாசிடோனியக் கிறிஸ்தவர்கள் ஒடுக்கப்படுகிறார்கள், நாங்கள் வந்துதான் மீட்க வேண்டும் என்பதுதான் சோஃபியா, பெல்கிரேடு, ஏதென்ஸ் என்ற மூன்று தலைநகரங்களின் வாதமும். அந்த மக்கள் உதுமானியக் குடிமக்களாகவே நிம்மதியாக வாழத் தொடங்கிவிட்டால்? பேரரசு செத்துவிடும் என்ற எதிர்பார்ப்போடு, பிழைத்துக்கொள்ளுமோ என்ற பயமும் சேர்ந்துதான் அவர்களைத் தள்ளியது.

பிழைக்க வைக்க வந்த இளம் துருக்கியர்களும் தங்கள் பங்குக்குக் காரியத்தைக் கெடுத்தார்கள். எல்லாவற்றையும் இஸ்தான்புல்லின் பிடிக்குள் கொண்டுவரப் பார்த்தார்கள். அல்பேனியர்கள், பெரும்பாலும் முஸ்லிம்கள், பேரரசின் மிக விசுவாசமான மக்கள் என்று கருதப்பட்டவர்கள். அவர்களே வரிக்கும் ஆயுதப் பறிமுதலுக்கும் எதிராகக் கிளர்ந்தெழுந்தார்கள். 1912 ஆகஸ்டில் ஸ்கோப்யே நகரையே பிடித்துவிட்டார்கள். இன்னொரு விஷயம்: 1910-ல் அரசு ஒரு சட்டம் போட்டு, கிரேக்கருக்கும் பல்கேரியருக்கும் தகராறில் இருந்த தேவாலயங்களையும் பள்ளிகளையும் யாருக்கு எது என்று பிரித்துக் கொடுத்தது. நல்ல எண்ணத்தோடு செய்ததுதான். ஆனால் அந்த இருவரையும் பிரித்து வைத்திருந்ததே அந்தத் தகராறுதான். அது தணிந்ததும் அவர்கள் கைகோக்க வழி பிறந்தது.

1911 செப்டம்பர் 29-ல் இத்தாலி லிபியாவுக்காகப் போர் தொடுத்தது. உதுமானியரிடம் அதை எதிர்க்கும் கடற்படை இல்லை. இளம் துருக்கியர் தலைவர்களில் ஒருவரான என்வர், முஸ்தபா கெமால் போன்ற திறமையான அதிகாரிகள் லிபியப் பாலைவனத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பால்கனில் எல்லாரும் இதைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

1912 மார்ச் 13-ம் தேதி செர்பியாவும் பல்கேரியாவும் ஒப்பந்தம் போட்டன. அதோடு ஒரு ரகசிய இணைப்பு. மாசிடோனியாவின் தென்கிழக்கு பல்கேரியாவுக்கு, வடமேற்கு செர்பியாவுக்கு, நடுவே ஒரு பகுதி தகராறு நிலம், அதை ரஷ்யாவின் ஜார் தீர்த்து வைப்பார். மே மாதம் பல்கேரியாவும் கிரீஸும் ஒப்பந்தம் போட்டன. அதில் நிலப் பங்கீடு பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. சலோனிகா யாருக்கு என்ற கேள்வியை எடுத்தால் ஒப்பந்தமே நடக்காது என்று இருவருக்கும் தெரிந்திருந்தது. கேள்வியை எடுக்காமல் விட்டார்கள். நவம்பரில் இரண்டு படைகள் ஒரே ஊரை நோக்கி ஓடியதற்குக் காரணம் இந்த மௌனம்தான்.

ஆறு வாரம்

அக்டோபர் 8-ம் தேதி, கூட்டுச் சேர்ந்த பல்கேரியா, செர்பியா, கிரீஸ், மாண்டினீக்ரோ நான்கில் மிகச் சிறியதான மாண்டினீக்ரோ முதலில் போர் அறிவித்தது. பால்கனில் யார் ஜெயித்தாலும் எல்லை மாற விடமாட்டோம் என்று வல்லரசுகள் எச்சரிக்கை விட்டதும் அதே நாளில்தான். உதுமானியர் ஜெயிப்பார்கள் என்று நினைத்து, அவர்கள் நிலம் பிடித்துவிடக் கூடாதே என்று விட்ட எச்சரிக்கை அது. ஜெயித்தது மறுபக்கம் என்றானதும் அந்த எச்சரிக்கையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அக்டோபர் 18-ம் தேதிக்குள் நான்கு நாடுகளும் களத்தில். அதே நாளில் உதுமானியர் இத்தாலியோடு சமாதானம் செய்து லிபியாவை விட்டுக்கொடுத்தார்கள்.

பல்கேரியாவின் மக்கள்தொகை அப்போது சுமார் 43 லட்சம். அதில் 6 லட்சத்துக்கு நெருக்கமானவர்களைப் படைக்கு அழைத்தார்கள். ஏழு பேருக்கு ஒருவர், பிள்ளைகளையும் முதியோரையும் சேர்த்து. அறுவடை முடிந்த கையோடு கிராமங்களில் ஆண் வாடையே இல்லாமல் போயிருக்கும்.

உதுமானியப் படை எண்ணிக்கையில் குறைந்தது இல்லை. ஆனால் அது அனதோலியாவிலும் சிரியாவிலும் அரேபியாவிலும் சிதறிக் கிடந்தது. போருக்குச் சில மாதம் முன்பு, பதற்றத்தைக் குறைக்கவும் செலவை மிச்சப்படுத்தவும், அனுபவமுள்ள வீரர்கள் பல்லாயிரம் பேரை வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அதிகாரிகள் இளம் துருக்கியர் கட்சிக்காரர், எதிர்க்கட்சிக்காரர் என்று இரண்டாகப் பிரிந்து, எதிரியைவிட ஒருவரையொருவர் அதிகம் வெறுத்தார்கள். ஆசியாவிலிருந்து படைகளைக் கடல் வழியாகக் கொண்டுவர முடியவில்லை, ஏனென்றால் ஏஜியன் கடல் கிரேக்கக் கடற்படையின் கையில். அவெரோஃப் என்ற கவசக் கப்பல் அந்தக் கடற்படையின் பலம். ஒரு வணிகரின் உயில் பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு வாங்கிய கப்பல் அது. இன்றும் ஏதென்ஸ் அருகே அருங்காட்சியகமாக மிதக்கிறது.

போர்க்களச் செய்திகளை வேகமாகவே சொல்லிவிடலாம். அக்டோபர் 24-க்குள் கிழக்கே கிர்க் கிலிசேயில் பல்கேரியர்களும் மேற்கே குமானோவோவில் செர்பியர்களும் வென்றார்கள். நவம்பர் தொடக்கத்தில் லூலே புர்காஸில் பல்கேரியர்களுக்கு இன்னொரு பெரிய வெற்றி. நவம்பர் நடுவில் பல்கேரியப் படை சதால்ஜா கோட்டை வரிசை முன் நின்றது. அங்கிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் இஸ்தான்புல். பீரங்கிச் சத்தம் நகருக்குள் கேட்டது.

இங்கே இரு பக்கத்தையும் ஒரே எதிரி தாக்கியது. காலரா. பின்வாங்கிய உதுமானியப் படையில் அது காட்டுத்தீயாகப் பரவியது. ரயில்கள் நோயாளிகளைக் கொண்டுவந்து நகருக்கு வெளியே இறக்கின. இறக்கிய முக்கியமான இடம் சான் ஸ்டெஃபானோ. ஆமாம், 1878-ல் அந்த வரைபடம் கையெழுத்தான அதே கிராமம். ரயில் பாதை ஓரத்திலும் வயல்களிலும் வீரர்கள் கிடந்து செத்தார்கள். நகருக்குள் ஹாகியா சோஃபியாவிலும் காலரா நோயாளிகளைப் படுக்க வைத்தார்கள். நவம்பர் 17, 18 தேதிகளில் பல்கேரியர்கள் சதால்ஜாவைத் தாக்கிப் பெரும் இழப்போடு திரும்பினார்கள். அவர்களுடைய படையிலும் நோய் புகுந்திருந்தது.

டிசம்பர் 3-ல் போர்நிறுத்தம். லண்டனில் பேச்சுவார்த்தை. முற்றுகையில் இருந்த எடிர்னேயை விட்டுக்கொடுத்துவிடலாம் என்று இஸ்தான்புல் அரசு யோசித்துக்கொண்டிருந்தபோது, 1913 ஜனவரி 23-ல் என்வர் தலைமையில் ஒரு கூட்டம் அமைச்சரவை மாளிகைக்குள் புகுந்தது. போர் அமைச்சர் நாஸிம் பாஷாவைச் சுட்டுக் கொன்றார்கள். வயதான பிரதம அமைச்சர் காமில் பாஷாவைத் துப்பாக்கி முனையில் ராஜினாமா செய்ய வைத்தார்கள். எடிர்னேயைக் காப்பாற்றத்தான் இந்தப் புரட்சி என்றார்கள். போர் மறுபடி தொடங்கியது. மார்ச் 26-ல் எடிர்னே எப்படியும் விழுந்தது.

விழுந்த பிறகு நடந்த ஒன்றைச் சொல்லாமல் கடக்க எனக்கு மனம் வரவில்லை. சரணடைந்த உதுமானிய வீரர்கள் ஆயிரக்கணக்கானவர்களைத் துன்ஜா ஆற்றின் நடுவே உள்ள சராய்இச்சி தீவில் அடைத்தார்கள். மார்ச் மாதக் குளிர், மேலே கூரை இல்லை, சோறு இல்லை, காலரா வேறு. பின்னர் அங்கே போனவர்கள் மரங்களைப் பார்த்தார்கள். ஒரு மனிதனின் கை எட்டும் உயரம்வரை பட்டை உரிந்து கிடந்தது. பசி தாங்காமல் அதைத்தான் தின்றிருந்தார்கள்.

சென்னையில் படித்த டாக்டர்

இந்தப் போர் இந்தியாவை எட்டிய விதத்தையும் சொல்ல வேண்டும். உதுமானியச் சுல்தான் முஸ்லிம்களின் கலீஃபாவும்கூட. தில்லி, லக்னோ, லாகூர், கல்கத்தா முஸ்லிம் பத்திரிகைகள் போரின் ஒவ்வொரு தோல்வியையும் சொந்த வீட்டுத் துக்கம்போல எழுதின. காயம்பட்டவர்களுக்காக நிதி திரண்டது. டாக்டர் முக்தார் அகமது அன்சாரி தலைமையில் ஒரு மருத்துவக் குழு 1912 டிசம்பரில் பம்பாயிலிருந்து கப்பலேறியது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துவிட்டு லண்டனில் அறுவை சிகிச்சை நிபுணராக உயர்ந்தவர் அன்சாரி. துருக்கியில் கள மருத்துவமனை நடத்திவிட்டு 1913 ஜூலையில் குழு திரும்பியது. அதே அன்சாரிதான் 1927-ல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். 1919-க்குப் பிறகு காந்தி கையில் எடுத்த கிலாஃபத் இயக்கத்துக்கு வேர் தேடினால், அதில் ஒன்று இந்தப் பால்கன் மாதங்களில் கிடைக்கும்.

கூட்டாளிகள் எதிரிகளான கதை

1913 மே 30-ல் லண்டன் உடன்படிக்கை. ஐரோப்பாவில் உதுமானியருக்கு மிஞ்சியது, ஏஜியன் கரையில் உள்ள எனெஸிலிருந்து கருங்கடல் கரையில் உள்ள மிதியேவரை ஒரு கோடு போட்டு, அதற்குக் கிழக்கே உள்ள சிறு துண்டு மட்டும்.

பங்கு பிரிப்பதில் சிக்கல் ஆஸ்திரியாவிடமிருந்து வந்தது. செர்பியா அட்ரியாடிக் கடலை எட்ட ஆசைப்பட்டு அல்பேனியாவுக்குள் புகுந்திருந்தது. ஆஸ்திரியா அதை அனுமதிக்கவில்லை. 1912 நவம்பர் 28-ல் வ்லோரா நகரில் இஸ்மாயில் கெமாலி அறிவித்த அல்பேனியச் சுதந்திரத்தை வல்லரசுகள் ஏற்றுக்கொண்டன, கொசோவோவை வெளியே விட்டுவிட்டு. கடல் கிடைக்காத செர்பியா, அதற்கு ஈடாக மாசிடோனியாவில் கூடுதல் நிலம் கேட்டது. ஒப்பந்தம் என்ன சொன்னாலும், அந்த நிலத்தில் ரத்தம் சிந்தியது தன் படை என்றது. பல்கேரியாவோ, மொத்தப் போரின் பெரும் சுமையையும் தாங்கியது நான், நான் கிழக்கே எடிர்னே பக்கம், திரேஸ் பகுதியில் உதுமானியரின் முக்கியப் படையோடு மோதிக்கொண்டிருந்தபோது நீங்கள் எனக்குரிய மாசிடோனியாவைப் பிடித்துக்கொண்டீர்கள் என்றது. இரண்டு வாதத்திலும் நியாயம் இருந்தது. செர்பியாவும் கிரீஸும் பல்கேரியாவுக்கு எதிராகத் தனியே கைகுலுக்கிக்கொண்டன.

ஜூன் 29 இரவு, மன்னர் ஃபெர்டினாண்டின் விருப்பப்படி பல்கேரியப் படை தன் இரண்டு கூட்டாளிகளையும் தாக்கியது. போர் அறிவிப்பு எதுவும் இல்லை. இதைவிடப் பெரிய தவறை ஓர் அரசு செய்வது கடினம். சலோனிகாவில் தங்கியிருந்த சிறிய பல்கேரியப் படையைக் கிரேக்கர்கள் ஒரே நாளில் அடக்கிவிட்டார்கள். வடக்கிலிருந்து ருமேனியா நுழைந்தது, தடுக்க ஆளே இல்லை. தெற்கிலிருந்து உதுமானியப் படை எல்லைக் கோட்டைத் தாண்டி ஜூலை கடைசியில் எடிர்னேக்குள் திரும்ப வந்தது. என்வர் அந்த ஊரை மீட்ட வீரனானார். ஒரே மாதத்தில் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆகஸ்ட் 10-ல் புகாரெஸ்ட் உடன்படிக்கை மாசிடோனியாவைக் கிரீஸுக்கும் செர்பியாவுக்கும் பெரும்பகுதி கொடுத்தது. பல்கேரியாவுக்குக் கிழக்கோரத்தில் ஒரு மலைப் பகுதி. செர்பியா பரப்பில் ஏறக்குறைய இரண்டு மடங்கானது, கிரீஸும் வெகுவாகப் பெருத்தது.

அடுத்த ஆண்டு வெடித்த முதல் உலகப் போருக்கு இங்கிருந்து ஒரு நேர்கோடு போகிறது. இரண்டு மடங்கான செர்பியாவைப் பார்த்து ஆஸ்திரியா பதறியது. 1912-ல் செர்பியத் தன்னார்வப் படையில் சேர வந்த ஒரு போஸ்னிய இளைஞனை, ஒல்லியாக, நோஞ்சானாக இருக்கிறான் என்று திருப்பி அனுப்பினார்கள். அவன் பெயர் காவ்ரிலோ பிரின்சிப், 1914-ல் சரயேவோவில் ஆஸ்திரிய இளவரசரைச் சுட்டுக் கொன்றவன். ஏமாந்த பல்கேரியா 1915-ல் ஜெர்மனி பக்கம் சேர்ந்து செர்பியாவைப் பழிவாங்கியது. மாளிகைக்குள் புகுந்து ஆட்சியைப் பிடித்த என்வரும் அவருடைய சகாக்களும் பேரரசை உலகப் போருக்குள் இழுத்துப்போனார்கள். அவர்களில் பலர் ருமேலியில் ஊரையும் வீட்டையும் இழந்தவர்கள். கிறிஸ்தவக் குடிமக்கள் இருக்கும் மண் கைவிட்டுப்போகும் என்ற முடிவுக்கு அவர்கள் வந்திருந்தார்கள். 1915-ல் ஆர்மீனியர்களுக்கு நேர்ந்த கொடுமையில் இந்த முடிவின் நிழல் விழுந்திருக்கிறது. அது செய்ததற்குச் சமாதானம் ஆகாது.

போர் நடந்த நிலத்தை 1913 ஆகஸ்ட், செப்டம்பரில் சுற்றிப் பார்க்கக் கார்னகி அறக்கட்டளை ஒரு பன்னாட்டுக் குழுவை அனுப்பியது. எரிந்த கிராமங்களைக் குழு பதிவு செய்தது. துருக்கியக் கிராமம், பல்கேரியக் கிராமம், கிரேக்கக் கிராமம், அல்பேனியக் கிராமம், எதுவும் தப்பவில்லை. எரிக்காத படையும் இல்லை. ருமேலியிலிருந்து முஸ்லிம்கள் லட்சக்கணக்கில் மாட்டு வண்டிகளில் கிளம்பி இஸ்தான்புல்லின் மசூதி முற்றங்களில் வந்து தங்கினார்கள். முஸ்தபா கெமாலின் தாயும் தங்கையும்கூடச் சலோனிகாவை விட்டு அப்படி வந்தவர்கள்தான்.

1913-ல் கிரேக்க அரசு சலோனிகாவில் மக்கள் கணக்கெடுத்தது. மொத்தம் 1,57,889 பேர். அதில் யூதர் 61,439. முஸ்லிம்கள் 45,867. கிரேக்கர் 39,956. பல்கேரியர் 6,263. எந்த ஊருக்காக இரண்டு படைகள் ஓடினவோ, அந்த ஊரில் மிகப் பெரிய சமூகம் அந்த இரண்டு நாட்டையும் சேர்ந்தது இல்லை. 1492-ல் ஸ்பெயினிலிருந்து விரட்டப்பட்டு உதுமானிய மண்ணில் அடைக்கலம் புகுந்து, நானூறு ஆண்டுகளாகப் பழைய ஸ்பானிஷ் மொழியிலேயே பேசிவந்த யூதர்கள் அவர்கள். அந்த ஊரின் துறைமுகமே சனிக்கிழமை அவர்களுக்காக ஓய்வெடுக்கும்.

அந்தப் பட்டியல் பிறகு ஒவ்வொன்றாகக் காலியானது. பல்கேரியர்கள், 1913-ல் கூட்டாளிகளுக்குள் நடந்த இரண்டாம் பால்கன் போரோடு போனார்கள். 1923-ல் லோசானில் கிரீஸும் துருக்கியும் மக்களைக் கட்டாயமாக மாற்றிக்கொள்ள ஒப்புக்கொண்டபின் முஸ்லிம்கள் கப்பலேறினார்கள். அவர்கள் விட்டுப்போன வீடுகளில் அனதோலியாவிலிருந்து துரத்தப்பட்ட கிரேக்க அகதிகள் குடியேறினார்கள், அவர்களில் பலருக்குத் துருக்கி மொழிதான் தெரியும். 1942 டிசம்பரில் ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது ஊரின் பழைய யூதக் கல்லறைத் தோட்டத்தை இடித்தார்கள். 1943 மார்ச்சிலிருந்து ஆகஸ்டுக்குள் யூதர்களில் 45,000-க்கும் அதிகமானவர்களை ரயிலேற்றி ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். கல்லறைத் தோட்டம் இருந்த இடத்தில் இப்போது தெசலோனிகி பல்கலைக்கழகம் நிற்கிறது.